ஒயர் காணாம போனா முதல்ல யார் குடிசைக்குப் போவோம்?

போன ரெண்டு எபிசோடும் வேலை, சம்பளம், ஏஐ என்று போய்விட்டது. இந்த வாரம் கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் சட்டம், நடுவில் எங்க ஊர்க் கதை ஒன்று. அந்தக் கதையில் நான் நல்லவன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்க ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் ஒரு கிராமம். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் ரோட்டில் வந்தால், ரெண்டு பக்கமும் நெல்லும் மல்லாட்டையுமாக இருக்கும். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. சென்னையில் இந்த வார்த்தையைச் சொன்னால் ஆபீஸில் இன்னும் சிரிக்கிறார்கள்.

நான் இன்ஜினியரிங் செகண்ட் இயர் லீவுக்கு ஊருக்கு வந்திருந்தேன். ஒருநாள் காலையில் எங்க பெரியப்பா கிணற்று மோட்டார் ஒயர் காணவில்லை. ராத்திரியோடு ராத்திரியா வெட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்க. கிராமத்து ஆட்களுக்கு இது தெரியும். ஒயரை எரித்து மேலே இருக்கும் ரப்பரை உருக்கினால் உள்ளே காப்பர். பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டால் கையில் காசு. திருடினவனுக்குக் கிடைப்பது சில ஆயிரம்தான். ஆனால் புது ஒயர் வாங்கும் வரைக்கும் மோட்டார் ஓடாது, பயிருக்குத் தண்ணி கிடையாது. அதனால் சின்னத் திருட்டு என்பது திருட்டுக் கொடுத்தவருக்குச் சின்னது இல்லை. பெரியப்பா கோபத்தில் நியாயம் இருந்தது.

அன்னைக்கு சாயந்திரம் ஏழெட்டுப் பேர் வண்டி எடுத்துக் கிளம்பினோம். நான் எங்க அண்ணன் டிவிஎஸ் எக்ஸெல்லில் பின்னால் உட்கார்ந்திருந்தேன். எங்கே போறோம் என்று யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. வண்டி நேராக ஏரிக்கரைக்குப் போனது. அங்கே மூணு குடும்பம் தார்ப்பாய் கட்டித் தங்கியிருந்தது. கூடை, முறம் பின்னி விற்கிறவர்கள். குறவர் சமூகம்.

எங்க அப்பா வயசு இருக்கும் ஒருத்தர் கையைக் கட்டிக்கிட்டு வந்து நின்றார். "சாமி, நாங்க இல்ல சாமி" என்றார். என்ன காணாம போச்சு என்று நாங்கள் இன்னும் சொல்லவே இல்லை. எங்களோடு வந்த ஒருத்தன், என்னைவிடச் சின்னப் பையன், அவரை "டேய்" என்று கூப்பிட்டான். யாரும் தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை.

அதைவிட என் மனசில் நின்றது வேறு ஒன்று. ஒரு வயசான அம்மா, யாரும் கேட்பதற்கு முன்னாடியே, மூட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துத் தரையில் பரப்ப ஆரம்பித்தாங்க. துணி தனியா, அரிசி தனியா, பாத்திரம் தனியா. கடைசியில் ஒரு பிளாஸ்டிக் கவரிலிருந்து ரேஷன் கார்டை எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாங்க. முகத்தில் பதற்றம்கூட இல்லை. அந்த வேலை அவங்களுக்குப் பழகியிருந்தது.

ஒயர் கிடைக்கவில்லை. ரெண்டு நாள் கழித்துப் பார்த்தால் ஏரிக்கரையில் தார்ப்பாயும் இல்லை, அவங்களும் இல்லை. "பார்த்தியா, குத்தம் இல்லன்னா ஏன் ஓடணும்?" என்று ஊரில் சிலர் பேசினார்கள்.

ஒரு மாசம் கழித்து விஷயம் வெளியே வந்தது. எடுத்தது எங்க தெருப் பையன். கடன் தொல்லை. நாலு பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். அவங்க அப்பா ஒயருக்கான பணத்தைக் கொடுத்தார். "வயசுப் பையன், புத்தி கெட்டுப் போய் பண்ணிட்டான். வெளிய சொல்லி அவன் வாழ்க்கையைக் கெடுக்காதீங்க" என்று முடித்துவிட்டார்கள். அந்த முடிவு தப்பு என்று நான் சொல்லவில்லை. அவன் இன்று நல்ல வேலையில் இருக்கிறான், நல்லா இருக்கட்டும். ஆனால் ஒரே ஒயர், ஒரே திருட்டு. செய்தவனுக்கு எதிர்காலம் இருந்தது. செய்யாதவங்களுக்கு ஏரிக்கரையில் இடம்கூட இல்லாமல் போனது.

பெரியப்பாவிடம் ஒருநாள் கேட்டேன். "பெரியப்பா, அன்னைக்கு ஏன் நேரா அங்க போனோம்?" அவர் யோசிக்கவே இல்லை. "எப்பவும் அங்கதானப்பா போவோம்" என்றார்.

அந்த "எப்பவும்" எப்போது ஆரம்பித்தது? இந்த எபிசோட் அதைப் பற்றித்தான்.

போலீஸ் வருவதற்கு முன்னால்

திருட்டு எல்லாக் காலத்திலும் இருந்தது. காவலும் இருந்தது. நம்ம ஊர்களில் காவல்காரர் என்று ஒருவர் இருப்பார். அறுவடையில் அவருக்கு ஒரு பங்கு. பதிலுக்கு ஊர்ப் பொருள் திருட்டுப் போனால் அவர் கண்டுபிடித்துத் தர வேண்டும், முடியாவிட்டால் நஷ்டத்தை ஈடுகட்ட வேண்டும். இன்ஷூரன்ஸ் மாதிரி யோசித்துப் பாருங்கள். இது ஒன்றும் பொற்காலம் இல்லை. காவல்காரரே மிரட்டிப் பணம் வாங்கிய கதைகளும் உண்டு. ஆனால் கேள்வி ஒன்றுதான்: பொருள் திரும்ப வருமா?

ஈஸ்ட் இந்தியா கம்பெனி 1800-களின் தொடக்கத்தில் இந்த முறையைக் கலைத்தது. பாளையக்காரர்களிடமிருந்து காவல் உரிமையைப் பிடுங்கியது. 1816-ல் சென்னை மாகாணத்தில் கிராம முனிசீப்பும் தலையாரியும் போலீஸ் வேலையைப் பார்க்க, மேலே தாசில்தார், அதற்கு மேலே கலெக்டர் என்று ஒரு ஏற்பாடு வந்தது. அதாவது வரி வசூல் பண்ணும் கையிலேயே லத்தியும் போனது. விளைவு என்ன? கம்பெனி ஆட்சியே ஒரு விசாரணைக் கமிஷன் போட வேண்டி வந்தது. சென்னை சித்திரவதைக் கமிஷன் என்று பெயர். 1855-ல் வந்த அதன் அறிக்கை, வரி வாங்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் ஜனங்களை அடித்துத் துன்புறுத்துவது வழக்கமாக இருந்ததைப் பதிவு பண்ணியது.

அதற்கு அப்புறம் 1859-ல் சென்னை மாகாணத்துக்குத் தனிப் போலீஸ் சட்டம் வந்தது. வரியும் போலீஸும் பிரிந்தன. ஆனால் அந்தப் போலீஸுக்கு எடுத்துக்கொண்ட மாடல் லண்டன் போலீஸ் இல்லை, அயர்லாந்து போலீஸ். அயர்லாந்தில் பிரிட்டிஷ் குடியேறிகள் நிலத்தை வைத்திருந்தார்கள், சொந்த ஊர்க்காரர்கள் அதில் குத்தகைக்கு இருந்தார்கள். அங்கே போலீஸுக்கு முதல் வேலை அரசாங்கத்துக்கு எதிராக யாரும் கிளம்பாமல் பார்த்துக்கொள்வது. காணாமல் போன கோழியைக் கண்டுபிடிப்பதெல்லாம் அப்புறம்தான்.

உப்பு வண்டி நின்ற கதை

இப்போ ஏரிக்கரைக்கு வருவோம். குறவர்களில் ஒரு பெரிய பகுதியினர் ஒரு காலத்தில் வியாபாரிகள். கடலோரத்திலிருந்து உப்பை மாட்டு மேலேயும் கழுதை மேலேயும் ஏற்றி உள்ளூர்களுக்குக் கொண்டுபோய் விற்பார்கள். திரும்பும்போது தானியம். ரோடு இல்லாத ஊருக்கெல்லாம் அவங்கதான் சப்ளை செயின்.

உப்பு கம்பெனியின் ஏகபோகமாக ஆனது. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. அப்புறம் ரயில் பாதை நீள நீள, மாட்டு முதுகில் போன சரக்கு ரயிலில் போனது. 1876-லிருந்து 1878 வரைக்கும் தாது வருஷப் பஞ்சம். மாடும் போச்சு, வாங்குகிற ஆளும் போச்சு. 1882-ல் சென்னை வனச் சட்டம் வந்தது. கூடை பின்ன மூங்கில் வெட்டுவதற்கும் இனிமேல் அனுமதி வேண்டும்.

ஊர் ஊராகப் போனதுதான் அவங்க தொழில். தொழில் போன பிறகும் ஊர் ஊராகத்தான் போக வேண்டியிருந்தது. முன்னாடி அதற்குப் பெயர் வியாபாரம். இப்போ அதே நடமாட்டத்துக்குச் சந்தேகம் என்று பெயர்.

சட்டம் என்ன சொன்னது?

1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. முதலில் வட இந்தியாவில். 1911-ல் அதை மாற்றி எழுதியபோது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1924-ல் இன்னொரு தடவை தொகுத்தார்கள். இந்தச் சட்டத்தை ஒரு புரோகிராமர் மாதிரி படித்துப் பாருங்கள், தூக்கிவாரிப் போடும்.

இன்புட்: ஒரு சமூகம் தொடர்ந்து குற்றம் செய்கிறது என்று அரசாங்கம் "நம்பக் காரணம் இருந்தால்" போதும். நிரூபிக்க வேண்டியதில்லை. பட்டியலில் சேர்த்துவிடலாம். அந்த அறிவிப்பு சரியா தப்பா என்று எந்தக் கோர்ட்டும் கேள்வி கேட்கக் கூடாது. இதையும் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். எரர் ஹேண்ட்லிங் கிடையாது, அப்பீல் பட்டனும் கிடையாது.

அவுட்புட்: பதிவு பண்ணப்பட்டவர்கள் கைரேகை கொடுக்க வேண்டும். குறிப்பிட்ட நேரத்தில் போய் ஆஜராக வேண்டும். ஊரைவிட்டுப் போனால் சீட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டும். மதுரைப் பக்கம் ஜனங்கள் இதை ரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள்.

இன்னொரு பிரிவு இருக்கிறது. பதிவான ஒருவர், திருடப் போகிறார் என்றோ, திருடச் சந்தர்ப்பம் பார்த்துக் காத்திருக்கிறார் என்றோ கோர்ட் நினைக்கிற மாதிரியான சூழ்நிலையில் எந்த இடத்தில் இருந்தாலும், மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். திருட வேண்டாம். நின்றால் போதும்.

ஏன் இப்படி ஒரு சட்டம்? வெறும் இனவெறி என்று முடித்துவிடலாம். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. நிர்வாகக் கண்ணோட்டத்தில் பாருங்கள். பெரிய மாகாணம், கொஞ்சம் போலீஸ், ஊர் மொழி தெரியாத அதிகாரி. திருடனைக் கண்டுபிடிப்பது கஷ்டம், ஆனால் சந்தேகப்பட ஆள் கண்டுபிடிப்பது சுலபம். பட்டியல் அந்த வேலையைச் செய்து கொடுத்தது. எங்கே திருட்டு நடந்தாலும் எங்கே போய் நிற்கணும் என்று தெரிந்துவிட்டது. அங்கே அடிக்கடி போனதால் அங்கேதான் அதிகம் பேரைப் பிடித்தார்கள். அதிகம் பேரைப் பிடித்ததால் பட்டியல் சரிதான் என்று ஆனது.

ஆஸ்திரேலியாவும் ஸ்டூவர்ட்டுபுரமும்

இதே பிரிட்டிஷ் அரசு தன்னுடைய சொந்தத் திருடர்களை என்ன பண்ணியது? கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியது. 1788-லிருந்து 1868 வரைக்கும் சுமார் 1,62,000 பேர். நிறைய பேர் செய்த குற்றம் துணி, உணவு, சின்னச் சாமான் திருடியது. அதற்கு இந்தத் தண்டனை கொடூரம்தான். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு அதற்கு ஒரு முடிவுத் தேதி இருந்தது. பலருக்கு ஏழு வருஷம். அது முடிந்தால் விடுதலை. நியூ சவுத் வேல்ஸின் ஆரம்ப காலத்தில் தண்டனை முடித்த தனி ஆளுக்கு 30 ஏக்கர் நிலம் கொடுக்கவும் ஏற்பாடு இருந்தது. கல்யாணம் ஆனவர் என்றால் இன்னும் 20 ஏக்கர், குழந்தைக்கு 10 ஏக்கர் வீதம்.

அந்த நிலம் யாருடையது? அங்கே பல்லாயிரம் வருஷமாக வாழ்ந்த பூர்வகுடிகளுடையது. தங்கள் வேட்டை நிலத்தில் மேய்ந்த ஆட்டை அவர்கள் அடித்துச் சாப்பிட்டால் அது திருட்டு, அதற்குப் போலீஸ் வரும். நிலத்தையே எடுத்ததற்குக் குடியேற்றம் என்று பெயர். இங்கிலீஷில் செட்டில்மென்ட்.

அதே வார்த்தை இங்கே வேறு அர்த்தத்தில் வந்தது. பட்டியலில் இருந்தவர்களைக் குடும்பத்தோடு கொண்டுபோய் வைத்த இடங்களுக்கும் செட்டில்மென்ட் என்றுதான் பெயர். இன்றைய ஆந்திராவில் இருக்கும் ஸ்டூவர்ட்டுபுரம் அன்று சென்னை மாகாணம். அங்கே 1910-களில் சால்வேஷன் ஆர்மி பொறுப்பில் குறவர்களின் உறவுச் சமூகமான எருகுலர்களைக் குடியமர்த்தினார்கள். அங்கிருந்தவர்கள் சீராலா புகையிலை ஆலைக்கு வேலையாட்களாகவும் போனார்கள். நம்ம பக்கம் தென்னாற்காடு மாவட்டத்தில் அஜீஸ் நகர் என்று ஒரு செட்டில்மென்ட் இருந்தது. அங்கே ஒருத்தன் திருடியிருந்தால் ஏழு வருஷத்தில் தண்டனை முடிந்து நிலம் கிடைக்கும். இங்கே திருடாமலேயே பிறந்த குழந்தைக்கு அதற்கு முடிவுத் தேதியே கிடையாது.

எல்லோரும் சும்மா கைரேகை வைத்துவிடவில்லை. 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி, உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூரில் பிரமலைக் கள்ளர்கள் ரேகை வைக்க மறுத்துக் கூடினார்கள். போலீஸ் சுட்டது. 16 பேர் செத்தார்கள். அதில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருத்தர். இன்று அங்கே நினைவுத்தூண் இருக்கிறது. பக்கத்தில் போனால் பார்த்துவிட்டு வாருங்கள்.

பட்டியல் போச்சு, பழக்கம்?

சென்னை மாகாணத்தில் 1947-ல் இந்தச் சட்டத்தை ரத்து செய்தார்கள். நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31-ல் ரத்தானது. அதனால்தான் தமிழில் இந்தச் சமூகங்களுக்குச் சீர்மரபினர் என்று பெயர். ஆனால் 1948-லேயே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் என்று ஒன்று இங்கே வந்தது. இதில் சமூகம் கணக்கில்லை, தனி ஆளுடைய தண்டனைக் கணக்குதான். காகிதத்தில் பார்த்தால் பெரிய மாற்றம். ஆனால் ஸ்டேஷனில் யார் பெயரில் ஏற்கெனவே கேஸ் குவிந்திருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

1993-ல் விருத்தாசலம் பக்கம் ஒரு வீட்டில் நகை திருட்டு. குறவர் சமூகத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணுவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அவர் தப்பி ஓடிவிட்டார் என்று சொன்னது. மனைவி பார்வதி நம்பவில்லை. ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போட்டார், அப்போது வக்கீலாக இருந்த சந்துரு வாதாடினார். ராஜாக்கண்ணு கஸ்டடியில் அடிபட்டு இறந்தது வெளியே வந்தது. 2021-ல் வந்த ஜெய் பீம் படத்துக்கு அடிப்படை இந்த வழக்குதான். படத்தில் இருளர் என்று காட்டியிருப்பார்கள். அந்தப் படத்தைப் பார்த்து அழுதவர்களில் நானும் ஒருத்தன். தியேட்டர் மாதிரி வீட்டில் லைட்டை அணைத்துவிட்டுப் பார்த்தேன். பாதியில் ஏரிக்கரை ஞாபகம் வந்தது. நிறுத்திவிட்டேன். ரெண்டு நாள் கழித்துத்தான் மீதியைப் பார்த்தேன்.

2024-ல் சுப்ரீம் கோர்ட் ரெண்டு தீர்ப்புகளில் இதைத் தொட்டது. மே மாசம், ஹிஸ்டரி ஷீட்டில் பின்தங்கிய சமூகத்து ஆட்களை இயந்திரத்தனமாகச் சேர்க்கக் கூடாது என்றது. அக்டோபர் 3-ஆம் தேதி, சிறை விதிகளில் சாதி பார்த்து வேலை பிரிப்பதையும், சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளியாகப் பார்ப்பதையும் அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்றது. சட்டம் ரத்தாகி 72 வருஷம் கழித்து ஜெயில் மேனுவலில் அது இன்னும் உயிரோடு இருந்திருக்கிறது. எங்கள் பாஷையில் சொன்னால், ஃபீச்சரை டெலீட் பண்ணிட்டாங்க, ஆனால் பழைய கோட் வேறு ஏதோ ஒரு ஃபைலில் ஓடிக்கிட்டே இருக்கு.

நம்ம வேலை சம்பந்தப்பட்ட ஒரு விஷயம். 2021-லிருந்து தமிழ்நாடு போலீஸ் முகத்தை அடையாளம் காணும் சாஃப்ட்வேர் பயன்படுத்துகிறது. ரோட்டில் நிற்கிற ஒருத்தரைப் போனில் போட்டோ எடுத்தால், பழைய ரெக்கார்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும். டெக்னாலஜி மேல் எனக்குக் கோபம் இல்லை, அதில்தான் சோறு சாப்பிடுகிறேன். ஆனால் ஒரு கேள்வி இருக்கு. அந்த ரெக்கார்டில் எங்க தெருப் பையன் முகம் இருக்காது. பஞ்சாயத்தோடு முடிந்துபோன திருட்டு எந்த டேட்டாபேஸிலும் ஏறாது. ஏரிக்கரையில் சும்மா விசாரிக்கப் பிடிக்கப்பட்டவர் முகம் ஏறும் வாய்ப்பு அதிகம். கம்ப்யூட்டர் சாதி பார்க்காது என்பது சரி. அதற்கு நாம் கொடுக்கிற லிஸ்ட் பார்த்துவிடும்.

போன கார்த்திகை தீபத்துக்கு ஊருக்குப் போனேன். கிரிவலப் பாதையில் கூட்டம், மைக்கில் "நகை, பர்ஸ் பத்திரம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கூடை விற்கிற ஒருத்தரிடம் ஒரு முறம் வாங்கினேன். எங்க ஊர் ஏரிக்கரையில் பத்து வருஷம் முன்னாடி தங்கியிருந்தவங்களைத் தெரியுமா என்று கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. "எதுக்குங்க சார் கேக்கறீங்க? நாங்க இந்தப் பக்கம் புதுசுங்க" என்றார். அவர் கண்ணில் நான் யாரென்று அப்போதுதான் உறைத்தது. மன்னிப்புக் கேட்க நினைத்துக் கேட்டாலும், என் வாயிலிருந்து வரும்போது அது விசாரணையாகத்தான் அவர் காதில் விழுகிறது.

வீட்டுக்கு வந்து பெரியப்பாவிடம் மொத்தக் கதையையும் சொன்னேன். 1911, ரேகை, செட்டில்மென்ட் எல்லாம். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "ஒயர் நம்ம பையன் எடுத்ததுன்னு தெரிஞ்ச அன்னைக்கே ஒரு ஆள் அனுப்பி அவங்ககிட்ட சொல்லியிருக்கணும்பா" என்றார். அவ்வளவுதான். ஆனால் எங்க வீட்டில் அந்த வாக்கியத்தை ஒருத்தர் சொல்வதற்குப் பத்து வருஷம் ஆனது.

உங்கள் அபார்ட்மென்டில் அடுத்த தடவை சைக்கிளோ, ஆபீஸில் சார்ஜரோ காணாமல் போகும். அப்போது உங்கள் மனசு முதலில் யார் முகத்தைக் காட்டுகிறது என்று மட்டும் கவனித்துப் பாருங்கள். வீட்டு வேலை செய்யும் அக்காவா, வாட்ச்மேன் அண்ணாவா, ஹவுஸ்கீப்பிங் தம்பியா? அந்த முகம் எப்படி வந்தது என்று யோசித்துவிட்டு, வாட்ஸ்அப் குரூப்பில் மெசேஜ் போடுங்கள்.

உங்க ஊர்ல இந்த மாதிரி ஏதாவது நடந்திருந்தா எழுதி அனுப்புங்க, பெயர் இல்லாமல் அடுத்த எபிசோடில் படிக்கிறேன். அடுத்த வாரம் பார்ப்போம்.